கொசுக்கடி வழியே எவை பரவும்? ஒரு கேள்வியின் வரலாறு

ஒருவரைக் கடித்த கொசு அடுத்தவரைக் கடிக்கும்போது, முதலாமவரின் இரத்தத்தில் இருந்தவை இரண்டாமவரின் உடலுக்குள் செல்லுமா என்பது மருத்துவ வரலாற்றில் நூறாண்டுகளுக்கும் மேலாகத் திரும்பத் திரும்ப எழுந்த கேள்வியாகும். மலேரியா, யானைக்கால் நோய், மஞ்சள் காய்ச்சல், டெங்கு ஆகியவை கொசுவால் (இலங்கை வழக்கில் நுளம்பு) பரவுகின்றன. எய்ட்ஸ், மஞ்சள் காமாலையை உண்டாக்கும் கல்லீரல் அழற்சி பி போன்றவை கொசுவால் பரவுவதில்லை. எல்லாமே இரத்தத்தில் இருப்பவைதாம். கடிப்பதும் அதே கொசுதான். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன?

கொசு ஓர் ஊசி அல்ல என்பதே இதற்கான விடை. ஒருவரிடம் உறிஞ்சிய இரத்தத்தை அது இன்னொருவருக்குள் செலுத்துவதில்லை. தன் உடலுக்குள் பிழைத்து, வளர்ந்து, வெளியேறும் வழியைக் கண்டுகொண்ட உயிரிகளை மட்டுமே அது கடத்துகிறது. இதைக் கண்டறிய 1877 முதல் 1900 வரை ஏறத்தாழ கால் நூற்றாண்டு பிடித்தது. இதை மறந்தபோது எழுந்த அச்சத்தால் 1980-களில் பலர் ஒதுக்கப்பட்டார்கள்.

கொசு கடிக்கும் முறை

கொசுக்களில் பெண் மட்டுமே இரத்தம் குடிக்கிறது. முட்டைகள் முதிர்வதற்குத் தேவையான புரதத்தை அது இரத்தத்திலிருந்து பெறுகிறது. வெறும் கண்ணுக்கு ஒற்றை ஊசியாகத் தெரியும் அதன் வாயுறுப்பு உண்மையில் ஓர் உறையும், அதற்குள் அடங்கிய ஆறு மெல்லிய ஊசிகளும் சேர்ந்தது. கடிக்கும்போது உறை வளைந்து தோலுக்கு மேலேயே நின்றுவிடும். ஊசிகள் மட்டும் உள்ளே இறங்கும். அவற்றில் நான்கு தோலை அறுத்து வழி செய்கின்றன. ஐந்தாவது, இரத்தத்தை மேலே உறிஞ்சும் குழல். ஆறாவது, உமிழ்நீரைக் கீழே செலுத்தும் குழல்.

இங்கே கவனிக்க வேண்டியது, இரத்தம் ஏறும் குழலும் உமிழ்நீர் இறங்கும் குழலும் வெவ்வேறு என்பதாகும். இரத்தம் நேரே வயிற்றுக்குப் போய் இரண்டு மூன்று நாட்களில் செரித்துவிடுகிறது. உமிழ்நீர் மார்புப் பகுதியிலுள்ள சுரப்பிகளிலிருந்து வருகிறது. இரத்தம் உறையாமல் இருக்கவும் இரத்தக் குழாய் சுருங்காமல் இருக்கவும் தேவையான பொருள்கள் அதில் உள்ளன. கடித்த இடம் தடித்து அரிப்பது, இந்த உமிழ்நீருக்கு நம் உடல் காட்டும் எதிர்ப்பே.

ஆகவே கொசுக்கடியால் நம் உடலுக்குள் வருவது கொசுவின் சொந்த உமிழ்நீர். முதலாமவரின் இரத்தத்திலிருந்த ஓர் உயிரி இரண்டாமவரை அடைய வேண்டுமானால், அது கொசுவின் வயிற்றில் செரிமானத்துக்குத் தப்ப வேண்டும். வயிற்றுச் சுவரைத் துளைத்து வெளியே வர வேண்டும். பிறகு உமிழ்நீர்ச் சுரப்பியையோ வாயுறுப்பையோ சென்றடைய வேண்டும். இந்தப் பயணத்தை முடிக்கும் உயிரிகள் மிகச் சிலவே. இதெல்லாம் 19-ஆம் நூற்றாண்டில் யாருக்கும் தெரியாது.

அமோய்: பாதி விடை

தெற்குச் சீனத்தின் அமோய் துறைமுகத்தில் (இன்றைய சியாமென்) பணியாற்றிய ஸ்காட்லாந்து மருத்துவர் பாட்ரிக் மான்சன், யானைக்கால் நோயோடு தொடர்புடைய ஃபைலேரியா புழுக்களை ஆராய்ந்துவந்தார். நோயாளிகளின் இரத்தத்தில் இப்புழுவின் நுண்ணிய குஞ்சுகள் நெளிவதைக் காண முடிந்தது. ஆனால் அவை மனித உடலில் அந்த நிலையைத் தாண்டி வளரவில்லை. அப்படியானால் அவை வளர்வதற்கு வேறோர் உயிர் தேவை என்று மான்சன் ஊகித்தார்.

1877-இல் அவர் ஒரு சோதனை செய்தார். இரத்தத்தில் இப்புழுக்கள் இருந்த ஒருவரை, கொசுக்கள் புகுந்து வருமாறு அமைத்த அறையில் இரவில் தூங்கச் செய்தார். காலையில் இரத்தம் குடித்து உப்பியிருந்த கொசுக்களைப் பிடித்து, நாள்தோறும் சிலவற்றை அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். புழுக்கள் கொசுவின் வயிற்றைத் துளைத்து, மார்புத் தசைக்குள் புகுந்து, உருமாறி வளர்ந்துகொண்டிருந்தன. மனித நோய் ஒன்றின் உயிரி பூச்சிக்குள் வளர்வது முதன்முதலாகத் தெரியவந்தது.

ஆனால் அவை கொசுவிடமிருந்து மனிதருக்கு எப்படித் திரும்புகின்றன என்பதில் மான்சன் தவறினார். கொசு வாழ்நாளில் ஒரே முறை இரத்தம் குடித்து, சில நாட்களில் நீரில் முட்டையிட்டு இறந்துவிடும் என்பது அக்காலத்து எண்ணம். அதை நம்பிய அவர், இறந்த கொசுவிலிருந்து புழுக்கள் நீரில் கலந்து, அந்த நீரைக் குடிப்போரை அடைவதாகக் கருதினார். கடியில் கொசு எடுத்துக்கொள்கிறது; கொடுப்பதில்லை என்பதே அவருடைய விளக்கம். புழு கடியின் வழியாகவே திரும்புகிறது என்பது 1900-இல்தான் தெளிவானது. ஆஸ்திரேலியாவில் தாமஸ் பேன்கிராஃப்ட் வளர்த்து அனுப்பிய கொசுக்களை லண்டனில் ஆராய்ந்த ஜார்ஜ் கார்மைக்கேல் லோ, வளர்ந்த புழுக்கள் கொசுவின் வாயுறுப்புக்குள் வந்து காத்திருப்பதைக் கண்டார்.

செகந்திராபாத்: நான்காம் நாளும் ஐந்தாம் நாளும்

இடைப்பட்ட காலத்தில் மலேரியா முன்னுக்கு வந்திருந்தது. 1880-இல் அல்ஜீரியாவில் பிரெஞ்சு இராணுவ மருத்துவர் சார்ல் லாவெரான் மலேரியா நோயாளியின் இரத்தத்தில் ஒட்டுண்ணியைக் கண்டார். அதுவும் ஃபைலேரியாவைப் போலக் கொசுவுக்குள் வளரலாம் என்ற எண்ணம் மான்சனுக்கு வந்தது. 1894-இல் லண்டனில் தம்மைச் சந்தித்த ரொனால்ட் ராஸிடம் அதைப் பகிர்ந்துகொண்டார். ராஸ் இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர், அல்மோராவில் பிறந்தவர்.

இந்தியா திரும்பிய ராஸ், 1895-இல் செகந்திராபாத்தில் தம் ஆசானின் நீர்க் கருத்தையே முதலில் சோதித்தார். மலேரியா நோயாளிகளைக் கடித்த கொசுக்கள் இறந்து கிடந்த நீரைச் சிலருக்குக் குடிக்கக் கொடுத்தார். ஒருவருக்கு இலேசான காய்ச்சல் கண்டது. ஆனால் மற்றவர்களிடம் அது திரும்ப நிகழவில்லை. இன்றைய மருத்துவ அறத்தின்படி இத்தகைய சோதனைக்கு இடமே இல்லை. அன்று அதற்கு உட்பட்டவர்கள் காலனி ஆட்சியின் கீழிருந்த ஏழைகள்.

ராஸ் எதிர்கொண்ட இன்னொரு தடை கொசுவின் வகை. அவர் அறுத்துப் பார்த்த கொசுக்களில் பெரும்பாலானவை மனித மலேரியாவைச் சுமக்காதவை. 1897-இல் விடுப்பில் உதகமண்டலம் சென்றிருந்தபோது, மலேரியாவுக்குப் பேர்போன சீகூர் மலைச்சரிவுக்குப் போய்வந்து அவரே மலேரியாவில் படுத்தார்.

மீண்டும் செகந்திராபாத்துக்கு வந்த ராஸுக்கு, அவருடைய உதவியாளர்கள் சிறகில் புள்ளிகளுள்ள வேறொரு வகைக் கொசுவைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அது அனோபிலிஸ் வகை. ஹுசைன் கான் என்ற மலேரியா நோயாளி, கொசு ஒன்றுக்கு ஓரணா கூலி பெற்றுக்கொண்டு அவற்றைத் தம்மைக் கடிக்கவிட்டார். 1897 ஆகஸ்ட் 20 அன்று, கடித்து நான்கு நாட்களான கொசுவின் வயிற்றுச் சுவரில், மலேரியா ஒட்டுண்ணிக்கே உரிய கருந்துகள்கள் கொண்ட உருண்டைகளை ராஸ் கண்டார். மறுநாள் அறுத்த கொசுவில் அதே உருண்டைகள் பெரிதாகியிருந்தன.

அந்த ஒருநாள் வேறுபாட்டில்தான் கண்டுபிடிப்பின் சாரம் இருக்கிறது. வயிற்றில் தங்கிய இரத்தம் நாளுக்கு நாள் செரித்துக் குறையும். இவையோ நாளுக்கு நாள் வளர்ந்தன. அடுத்த ஆண்டு கல்கத்தாவில் பறவை மலேரியாவைக் கொண்டு ராஸ் மீதிப் பாதையையும் கண்டார். உருண்டைகள் முதிர்ந்து வெடிக்கின்றன. அவற்றிலிருந்து வெளிவரும் நுண்ணிய வடிவங்கள் கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் சேர்கின்றன. கடிக்கும்போது உமிழ்நீரோடு இறங்குகின்றன. அத்தகைய கொசுக்கள் கடித்த நலமான குருவிகள் நோயுற்றன. மனித மலேரியாவை அனோபிலிஸ் கொசு பரப்புவதை அதே 1898-இல் இத்தாலியின் ஜொவான்னி பத்திஸ்தா கிராசியும் அவருடைய குழுவினரும் நிறுவினார்கள். ராஸ் 1902-இல் நோபல் பரிசு பெற்றார். ஆகஸ்ட் 20 இன்றும் உலகக் கொசு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

ஹவானா: ஊசி என்ற எண்ணம் உடைந்த இடம்

மலேரியா ஒட்டுண்ணியையும் ஃபைலேரியா புழுவையும் நுண்ணோக்கியில் பார்க்க முடிந்தது. மஞ்சள் காய்ச்சலின் காரணியை யாராலும் பார்க்க முடியவில்லை. அது ஒரு வைரஸ் என்பது பின்னாளில் தெரிந்ததே. ஆகவே இங்கே கேள்விக்கு விடை காண மனிதர்களையே சோதனைக்கு உட்படுத்த நேர்ந்தது.

கியூபா மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே 1881-இல் ஹவானாவில், மஞ்சள் காய்ச்சலைக் கொசு பரப்புகிறது என்று அறிவித்தார். அவர் குறிப்பிட்ட கொசு, இன்று ஏடிஸ் எகிப்தி எனப்படுவது. கொசுவை அவர் சரியாகவே அடையாளம் கண்டார். ஆனால் அது செயல்படும் விதத்தை ஊசியைப் போலவே எண்ணினார். நோயாளியின் இரத்தம் கொசுவின் வாயுறுப்பில் ஒட்டிக்கொண்டு அடுத்தவருக்குப் போவதாக அவர் கருதினார். அதனால் நோயாளியைக் கடித்த சில நாட்களுக்குள்ளேயே அதே கொசுவைப் பிறர்மேல் கடிக்கவிட்டார். அடுத்த 20 ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட சோதனைகள் நடந்தன. ஐயத்துக்கு இடமில்லாத நோய் எதுவும் உண்டாகவில்லை. உலகம் அவரை நம்பவில்லை.

புதிருக்கான திறவுகோல் அமெரிக்காவிலிருந்து கிடைத்தது. 1898-இல் மிசிசிப்பி மாநிலச் சிற்றூர்களில் மஞ்சள் காய்ச்சலைக் கவனித்த ஹென்றி ரோஸ் கார்ட்டர், ஒரு வீட்டில் முதல் நோயாளி வந்தவுடன் மற்றவர்களுக்கு நோய் வருவதில்லை என்பதைக் குறித்துவைத்தார். இடையில் இரண்டு வாரம் அல்லது அதற்குமேல் ஆனது. அதன் பிறகு வீட்டுக்கு வந்துபோனவர்கள், முதல் நோயாளி அங்கே இல்லாதபோதும் நோயுற்றார்கள். நோய்க்காரணி எங்கோ தங்கி முதிர்கிறது என்பதற்கு இது அடையாளம்.

1900-இல் வால்ட்டர் ரீட் தலைமையில் அமெரிக்க இராணுவக் குழு ஹவானா வந்தது. ஜேம்ஸ் கேரல், ஜெசி லேசியர், அரிஸ்டைட்ஸ் அகிரமான்ட்டே ஆகியோர் மற்ற உறுப்பினர்கள். ஃபின்லே தம்மிடமிருந்த கொசு முட்டைகளை அவர்களுக்குக் கொடுத்தார். ஆகஸ்ட் 27 அன்று கேரல் ஒரு கொசுவைத் தம் கையில் கடிக்கவிட்டார். அது 12 நாட்களுக்கு முன் கடும் நோயாளி ஒருவரைக் கடித்தது. கேரல் நோயுற்று உயிருக்குப் போராடிப் பிழைத்தார். சில வாரங்களில் லேசியரும் நோயுற்றார். அவர் செப்டம்பர் 25 அன்று இறந்தார்.

அவர் பெயரில் அமைந்த முகாமில் ரீட் இரண்டு குடில்களைக் கட்டினார். ஒன்றில் மஞ்சள் காய்ச்சல் நோயாளிகளின் கழிவும் வாந்தியும் படிந்த படுக்கைகள் போடப்பட்டன. கொசு நுழையாதபடி அது அடைக்கப்பட்டது. மூவர் 20 இரவுகள் அங்கே தூங்கினார்கள். ஒருவருக்கும் நோய் வரவில்லை. மற்றொரு குடில் தூய்மையானது. கம்பி வலையால் இரண்டாகத் தடுக்கப்பட்டது. ஒரு பாதியில் மட்டும், நோயாளிகளைக் கடித்து நாள் பல கழிந்த கொசுக்கள் விடப்பட்டன. அந்தப் பாதிக்குள் போன ஜான் மோரன் என்ற தன்னார்வலர் கிறிஸ்துமஸ் நாளன்று நோயுற்றார். வலைக்கு மறுபுறம் அதே காற்றைச் சுவாசித்தவர்கள் நலமாக இருந்தார்கள்.

கடித்த சில நாட்களில் தீங்கற்றிருந்த கொசு, ஏறத்தாழ 12 நாட்களுக்குப் பின் கொல்லக்கூடியதாகிறது. கொசு ஓர் ஊசியாக இருந்தால் இது தலைகீழாக இருந்திருக்கும். புதிய இரத்தம்தான் ஆபத்தாகவும் பழைய இரத்தம் தீங்கற்றதாகவும் இருந்திருக்கும். ஃபின்லே கொசுவைச் சரியாகக் கண்டும் நிறுவ முடியாமல் போனதற்கு, காத்திருக்க வேண்டிய நாட்கள் தெரியாததே காரணம். 1901-இல் வில்லியம் கோர்காஸ் தலைமையில் ஹவானாவின் கொசுக்கள் ஒழிக்கப்பட்டபோது, நகரில் மஞ்சள் காய்ச்சலும் ஓய்ந்தது.

விதிவிலக்கு: ஆஸ்திரேலிய முயல்கள்

அப்படியானால் கொசு ஒருபோதும் ஊசியாகச் செயல்படுவதில்லையா? செயல்படும் ஓர் இடம் உண்டு. 1950-இல் ஆஸ்திரேலியாவில் பெருகிப்போயிருந்த முயல்களை அழிக்க மிக்சோமா என்னும் வைரஸ் விடப்பட்டது. அது கொசுக்களின் மூலம் ஆற்றோரங்களில் காட்டுத்தீயாகப் பரவியது. ஆய்வில், இவ்வைரஸ் கொசுவுக்குள் பெருகுவதில்லை என்று தெரிந்தது. முயலின் தோலில் உண்டாகும் வீக்கங்களில் வைரஸ் மிக அடர்த்தியாக இருக்கும். அவற்றைத் துளைக்கும் கொசுவின் வாயுறுப்பில் அது ஒட்டிக்கொண்டு, நெடுநாள் அழியாமல் இருந்து, அடுத்த முயலுக்குப் போகிறது.

1951-இல் மர்ரே ஆற்றுப் பகுதியில் மனிதர்களிடம் மூளைக்காய்ச்சல் பரவியது. முயலின் வைரஸைக் கொசுக்கள் மனிதருக்குக் கொண்டுவந்துவிட்டன என்று மக்கள் அஞ்சினார்கள். அறிவியலாளர்கள் மேக்ஃபார்லேன் பர்னெட், ஃபிராங்க் ஃபென்னர், இயன் குளூனிஸ் ராஸ் ஆகிய மூவரும் மிக்சோமா வைரஸைத் தம் உடலிலேயே ஊசியால் செலுத்திக்கொண்டார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூளைக்காய்ச்சலும் கொசுவால் வந்ததுதான். ஆனால் அது வேறொரு வைரஸ், கொசுவுக்குள் பெருகக்கூடியது. கொசு ஊசியாக மாறுவதற்கு, வைரஸ் மிக அடர்த்தியாகவும், உடலுக்கு வெளியே உறுதியாகவும், கடித்த விலங்குக்குள் வளரக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

பெல் கிளேட்: அச்சம் திரும்பிய ஊர்

1980-களில் எய்ட்ஸ் பரவத் தொடங்கியபோது பழைய கேள்வி புதிய வடிவில் வந்தது. ஊசியால் பரவும் நோய் கொசுவால் பரவாதா? அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள பெல் கிளேட் என்ற சிற்றூரில், மக்கள்தொகையோடு ஒப்பிட எய்ட்ஸ் நோயாளிகள் மிக அதிகமாக இருந்தார்கள். அங்கு வாழ்ந்தவர்களில் பலர் ஏழைக் கறுப்பினத்தவரும் கரீபியத் தீவுகளிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்களும் ஆவர். நெருக்கடியான குடியிருப்புகள், தேங்கிய சாக்கடை, நிறையக் கொசுக்கள். 1985-இல் மியாமி மருத்துவர்கள் சிலர், கொசுக்களே காரணமாக இருக்கலாம் என்று கூறியதும் அந்த ஊரின் பெயர் நாடெங்கும் பரவியது.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் ஃபுளோரிடா சுகாதாரத் துறையும் அங்கே ஆய்வு செய்தன. அவர்கள் முதலில் பார்த்தது வயதை. கொசு வயது பார்த்துக் கடிப்பதில்லை. தெருவில் விளையாடும் சிறுவரையும் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் முதியவரையும் அது கடிக்கும். ஆனால் சோதிக்கப்பட்டவர்களில் 2 முதல் 10 வயதுவரையான குழந்தைகளிடமும் 60 வயதைக் கடந்தவர்களிடமும் எச்.ஐ.வி. தொற்று காணப்படவில்லை. தொற்று இருந்தவர்கள் பாலுறவுக்கும் போதை ஊசிக்கும் வாய்ப்புள்ள வயதினர். கொசுவால் பரவும் பிற வைரஸ்களுக்கு ஆளானவர்களிடம் எச்.ஐ.வி. கூடுதலாகவும் இல்லை.

ஆய்வகங்களில் கிடைத்த விடையும் இதுவே. எச்.ஐ.வி. பெருகுவதற்கு மனிதரின் குறிப்பிட்ட வெள்ளணுக்கள் தேவை. கொசுவில் அவை இல்லை. ஆகவே வைரஸ் இரத்தத்தோடு சேர்ந்து செரித்துவிடுகிறது. வாயுறுப்பில் ஒட்டும் இரத்தமோ மிகமிகச் சிறிது. மிக்சோமாவைப் போலன்றி, அதில் இருக்கக்கூடிய வைரஸின் அளவு தொற்றை உண்டாக்கப் போதாது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகம் 1987-இல் வெளியிட்ட அறிக்கையும் பூச்சிகளால் எய்ட்ஸ் பரவுவதற்குச் சான்றில்லை என்றே முடிவு செய்தது. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் நோயாளியின் அண்டை வீட்டில் இருப்பதே ஆபத்து என்ற எண்ணம் பலர் மனத்தில் ஊன்றிவிட்டது. நோயாளிகளை ஒதுக்குவதற்கு அது ஒரு சாக்காகவும் ஆனது.

மருந்தும் மதுவும்

உயிரிகள் தவிர்ந்த பிற பொருள்களுக்கும் இதே விளக்கம் பொருந்தும். ஒரு கொசு ஒரு முறை குடிக்கும் இரத்தம் சில மில்லிகிராம் மட்டுமே. அதில் மதுவோ மருந்தோ கலந்திருந்தாலும், பெருகக்கூடிய பொருள் அல்லாததால் கொசுவின் வயிற்றோடு அதன் கதை முடிந்துவிடும். குடித்தவரைக் கடித்த கொசு கடிப்பதால் யாருக்கும் போதை ஏறாது. இரத்த வகை மாறாது. ஒவ்வாமை மருந்தும் வந்து சேராது.

ஆனால் மனிதரிடமிருந்து கொசுவுக்குப் பொருள் போவது உண்மை. ஐவர்மெக்டின் என்ற புழுநீக்கி மருந்தை உட்கொண்டவரைக் கடிக்கும் கொசுக்கள் விரைவில் இறக்கின்றன. மலேரியாவைக் குறைக்க இது உதவுமா என்று ஆய்வுகள் நடந்துள்ளன. அதுபோல, இரத்தம் குடித்த கொசுவின் வயிற்றிலிருந்து சுமார் இரண்டு நாட்கள்வரை மனித மரபணுவைப் பிரித்தெடுக்க முடியும். இரத்தம் அங்கேயே தங்கிச் செரிக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

இன்றைய பொருத்தம்

2020-இல் கொரோனா பரவியபோதும் இதே கேள்வி எழுந்தது; கொசுவால் அது பரவுவதற்குச் சான்றில்லை என்று உலக சுகாதார நிறுவனம் விளக்கம் அளித்தது. இனி வரும் நோய்களுக்கும் இக்கேள்வி எழும். அப்போது கேட்க வேண்டியது, அந்த நோய்க்காரணி இரத்தத்தில் இருக்கிறதா என்பது மட்டுமன்று. கொசுவுக்குள் அது பிழைத்து வளருமா என்பதே.

இந்த அறிவுக்கு வீட்டளவில் இரண்டு பயன்கள் உண்டு. டெங்கு, மலேரியா போன்ற நோய் கண்டவரைக் கொசுவலைக்குள் படுக்கவைப்பது, ஏற்கெனவே நோயுற்ற அவருக்காக மட்டுமன்று. அவரைக் கடிக்கும் கொசு, ஒன்று இரண்டு வாரங்களில் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் அண்டை வீட்டாருக்கும் நோயைக் கொண்டுபோகும் என்பதால், வலை அவர்களுக்கும் காப்பாகிறது. எச்.ஐ.வி. அல்லது கல்லீரல் அழற்சி பி உள்ளவரோடு ஒரே வீட்டில் வாழ்வதற்கோ, ஒரே வகுப்பில் அமர்வதற்கோ கொசுவைக் காரணம் காட்டி அஞ்ச வேண்டியதில்லை.